வெயில் படாத மணல்

ஆதிமனிதர்கள் ஆசியா வழியே எப்போது நடந்து வந்தார்கள் என்று தேடும் அகழாய்வுக் குழிக்கு உயரதிகாரி சிகாமணி வந்தார். கல்லாயுதம் கிடைத்த அடுக்கில் மிஞ்சிய மணலை ஒரே ஓர் இரும்புக் குழாயில் அடைத்து வைத்திருந்தார்கள்.

"அதைத் திறங்க, போட்டோ எடுக்கணும்" என்றார்.

இரண்டு வருட உழைப்பு வீணாகிவிடுமே என்று ஆய்வாளர் ரெஜினா தவித்தாள். மேலதிகாரியின் உத்தரவை மீறவும் முடியாது.

குழி தோண்டும் வெள்ளத்தாய் குழாயை எடுத்து நீட்டினாள்.

"தாராளமா திறங்கய்யா. மணல் கடைசியா வெயிலைப் பார்த்த நாள்லருந்துதான் வயசு எண்ணுவாங்களாம். இப்பத் திறந்தா, ஆதிமனுஷன் இன்னிக்குத்தான் உங்க ஜீப்புல வந்து இறங்கினான்னு ரிப்போர்ட் வரும்."

சிகாமணி சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"மூடியே இருக்கட்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா?"

மூன்று மாதத்தில் ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது: அறுபதாயிரம் வருடம். ரெஜினா நிம்மதியாக மூச்சுவிட்டு, வெள்ளத்தாயைச் சேறும் மண்ணுமாக அப்படியே கட்டிக்கொண்டாள்.