பெயர் போடாத மூன்று படங்கள்

கடைசியில் உங்களிடம்தான் தீர்ப்புக் கேட்கப்போகிறேன். எல்லோரையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்கேன் சென்டர். புது மெஷின் வந்தால், நோயாளிகளை ஏற்றுமுன் அங்கே வேலை செய்பவர்களையே படுக்கவைத்து ஒத்திகை பார்ப்பார்கள். டெக்னீஷியன் செல்லத்துரை, நர்ஸ் பிரிஸ்கில்லா, கூட்டிப் பெருக்கும் இசக்கியம்மாள் மூவரும் சம்மதித்தார்கள். பிரிஸ்கில்லா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள். அவள் அம்மா தலை வாரிக்கொண்டிருந்தபோதே மூளையில் ரத்தக்குழாய் வெடித்துச் செத்தவள்.

"படத்துல பேர் போடக் கூடாது சார். என் தலைக்குள்ள என்ன இருந்தாலும் எனக்குத் தெரிய வேண்டாம்."

டாக்டர் அருள்மணி ஒப்புக்கொண்டார். மூவருக்குமே பெயரோ வரிசை எண்ணோ போடாமல் எடுத்தார்கள். படத்தில் முகம் கிடையாது. இருட்டில் மெல்லச் சுழலும் ரத்தக்குழாய்கள் மட்டும், இலை உதிர்ந்த மரம் மாதிரி. மூன்று மரங்களில் ஒன்றில், கிளை பிரியும் இடத்தில், சுண்டைக்காய் மாதிரி ஒரு வீக்கம் தொங்கியது.

டாக்டர் மூவரையும் கூப்பிட்டுக் காட்டினார். "ஒங்கள்ல ஒருத்தரோடது. யாருதுன்னு எனக்கும் தெரியாது. ஆயுசுக்கும் சும்மா கெடந்தாலும் கெடக்கும். வெடிச்சா ஆள் பிழைக்கிறது கஷ்டம். முன்னாலயே தெரிஞ்சா அடைச்சிரலாம். யாருக்கு வேணுமோ அவங்க திரும்ப வந்து படுங்க."

திரையில் மரம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதைத் தலைக்குள் வைத்திருப்பவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று பேருக்கும் ஒரே சமயத்தில் தலை வலித்தது.

"இத வச்சுக்கிட்டு எனக்குச் சோறு எறங்காது. என்னைப் போடு தம்பி" என்று இசக்கியம்மாள் ஏறிப் படுத்தாள். படம் சுத்தம். சிரித்துக்கொண்டே இறங்கியவள், மற்ற இருவரின் முகத்தையும் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

"இனி நீங்க படுத்தா நான் படுக்காமலே எனக்குத் தெரிஞ்சிரும் அண்ணே" என்றாள் பிரிஸ்கில்லா. "ஒங்க மூஞ்சி சொல்லிரும்."

செல்லத்துரை படுக்கவில்லை. அவளோ நாளுக்கு நாள் வற்றிப்போனாள். ஊசி போடும்போது நரம்பு தவறியது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

அவனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "மதுரையில போய்ப் பார்த்துட்டேன் சிஸ்டர். என்னுதுதான். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

அவள் அழுதாள். அவனுக்காகவா, தனக்காகவா, அவளுக்கே தெரியாது. பிறகு சாப்பிட்டாள், தூங்கினாள், ஊசி நேராக இறங்கியது.

அவன் மதுரைக்குப் போகவே இல்லை. எங்கேயும் படுக்கவும் இல்லை.

தெரிந்துகொள்ள விரும்பாதவளுக்கும் காட்டினார் டாக்டர். தன்னைப் பார்த்துக்கொண்டு மற்ற இருவரையும் மூலையில் தள்ளினாள் இசக்கியம்மாள். பொய் சொல்லி ஒருத்திக்குத் தூக்கம் கொடுத்தான் செல்லத்துரை. இதில் யார் செய்தது சரி?

விடை: டாக்டர் யாரையும் சுட்டவில்லை, கதவைத் திறந்து மட்டும் வைத்தார். இசக்கியம்மாள் பார்த்தது தன் தலையை. இரண்டும் சரி. பிரிஸ்கில்லா வேண்டியது தெரியாமல் இருப்பதை. செல்லத்துரை கொடுத்ததோ தன் தலையில் இல்லை என்று தெரிந்துவிட்ட நினைப்பை. பயம் இருந்திருந்தால் என்றாவது ஒரு நாள் அவளே மெஷினில் ஏறியிருப்பாள். இனி ஏற மாட்டாள். "எப்ப அண்ணே ஆபரேஷன்?" என்று தினமும் கேட்கிறாள். அவன் அவள் நெற்றியையே பார்க்கிறான்.