பங்களாவோ பங்களா

கடல் கடந்து வந்தவர்கள் குடியேறிய துறைமுக ஊர் அது. ஒரே முற்றத்தைச் சுற்றி எட்டு வீடு, ஐந்து பாஷை. எட்டில் ஒன்று திலோத்தமையின் வீடு.

பொங்கலுக்கு முதல் நாள், நான்கு வயது மகளை இழுத்துக்கொண்டு அவள் குன்றின் மேலிருந்த மடத்துக்கு மூச்சிரைக்க ஏறினாள். மடத்துச் சாமிக்கு அவளைவிட இரண்டு வயது குறைவு. சிஷ்யை என்றாலும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"என்னக்கா, புலி துரத்துதா?"

"துரத்துது சாமி. நம்ம பண்டிகையை எப்படிக் காப்பாத்துறது? அதைச் சொல்லுங்க."

"அதுக்கு என்ன ஆச்சு?"

"போன வருஷம் முற்றத்துல பானை வெச்சேன். பால் பொங்கினதும் எட்டு வீடும் கூடிடுச்சு. பக்கத்து வீட்டு ஹலிமாவும் எதிர்வீட்டு மே லிங்கும் என்னன்னு கத்தினாங்க தெரியுமா? 'பங்களாவோ பங்களா!'"

சாமி உதட்டைக் கடித்துக்கொண்டார். "பங்களா கிடைச்சா நல்லதுதானே அக்கா?"

"சிரிக்காதீங்க. இவளும் இப்ப அதையேதான் கத்துறா. திருத்தினா, 'அம்மா, உனக்குத் தெரியலை'ங்கிறா. மே லிங் வீட்டு விழாவுக்குக் காகித விளக்கு தூக்குறா. பெருநாளன்னைக்கு விடிஞ்சதும் ஹலிமா வீட்டுக்கு ஓடிடுறா. ஓடட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா இன்னும் பத்து வருஷத்துல இவ நாக்குல என்ன மிஞ்சும்?"

சொல்லிக்கொண்டே மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அதான், இந்த வருஷம் கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுக்குள்ளேயே பானையை வெச்சுடப் போறேன். காலைல ஹலிமா கேட்டா, 'நாளைக்கு எத்தனை மணிக்குப் பொங்கும்'னு. நான் பதிலே சொல்லலை."

சாமி எழுந்தார். ஒரு பானையில் கழுத்துவரை பாலை ஊற்றி அடுப்பில் ஏற்றினார். கரண்டியை அவளிடம் நீட்டினார்.

"ஒரு சொட்டு வெளியே போகாம காப்பாத்துங்க, பார்ப்போம்."

அவளா அசந்து போவாள்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நின்றாள். நுரை தலை தூக்கியபோதெல்லாம் துழாவினாள், ஊதினாள், விறகை வெளியே இழுத்தாள். அடுப்பருகே மகள் ஒவ்வொரு முறையும் மூச்சை இழுத்துக் கன்னம் உப்பக் காத்திருந்தாள். மூன்று முறை ஏறிய பால் மூன்று முறையும் அடங்கியது. கடைசியில் ஏடு கட்டிக்கொண்டு சும்மா கிடந்தது.

திலோத்தமை முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"பாருங்க சாமி. ஒரு சொட்டு சிந்தலை."

"ஆமா. காப்பாத்திட்டீங்க."

மகள் பிடித்து வைத்திருந்த மூச்சை மெல்ல விட்டாள்.

"எப்பம்மா கத்தணும்?"

திலோத்தமை சாமியைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க அக்கா?" என்றார் சாமி. "கரண்டி உங்க கையிலதானே இருக்கு."