இடத்தை அடைத்தது எது

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்யும் ஒரு சின்ன நிலையம். அங்கே கம்ப்யூட்டரைக் கவனிக்கும் வேலையை ஞானசிகாமணி கற்றுக்கொண்டிருந்தார். கற்றுக்கொடுத்தவள் சபுரா. அவரைவிட மிகவும் இளையவள். அவர் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முதலில் கேலியாக, பிறகு பழக்கமாக.

மறுநாள் வரலாற்றுத் தேர்வு. கடைசிப் பாடத்தை அன்றே பதிவு செய்து அனுப்ப வேண்டும். டிஸ்க்கில் இடமில்லை என்று பதிவு நின்றுவிட்டது.

பதிவு செய்யும் புரோகிராம் தன் வேலைக் குறிப்புகளை எழுதும் லாக் ஃபைல் பூதமாகப் பெருத்திருந்ததாம். அதைக் காலையிலேயே அழித்துவிட்டதாக அவர் சொன்னார். அப்படியும் துளி இடம் வரவில்லை.

"ஜெயசீலி வாசிச்சதையெல்லாம் அழிச்சுடுறேன் டீச்சர். பிள்ளைங்க படிக்கணும்."

ஜெயசீலி அவர் மனைவி. இருந்தவரை அங்கே பாடம் வாசித்தவர். அவர் இறந்த பிறகு, அந்தப் பதிவுகள் இருந்த ஃபோல்டரை ஞானசிகாமணி திறந்ததில்லை.

"அது எவ்வளவு பெரிசு?"

"பெரிசாத்தான் இருக்கும்."

"பார்த்தீங்களா?"

அவர் கீபோர்டை அவளிடம் தள்ளினார்.

சபுரா கறுப்புத் திரையில், மீதி இடம் எவ்வளவு என்று கேட்கும் டிஎஃப் கட்டளையைத் தட்டினாள். டிஸ்க் நிறைந்துவிட்டது என்று பதில் வந்தது. டியூ என்று தட்டினாள். அது இருக்கிற ஃபைல்களையெல்லாம் கூட்டிப் பார்த்து, டிஸ்க்கில் பாதிகூட ஆகவில்லை என்றது.

"இதுல எது பொய்?" என்றார்.

"ரெண்டும் நிஜம் சார். லாக் ஃபைலை அழிக்கும்போது புரோகிராம் ஓடிக்கிட்டு இருந்ததா?"

"ஓடிச்சு. இப்பவும் ஓடுது."

"அப்ப பேருதான் போயிருக்கு. ஃபைலைப் புரோகிராம் இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அது விடுற வரைக்கும் இடம் வராது."

புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிடச் சொன்னாள். செய்தார். டிஎஃப் தட்டினார். பாதி டிஸ்க்குக்கு மேல் காலியாகக் கிடந்தது. காலையிலிருந்து இதைத்தான் கட்டிக்கொண்டு அழுதாயா என்று புரோகிராமைத் திட்டினார். சபுரா சிரித்தாள்.

பிறகு, அந்த ஃபோல்டரை இப்போது அளந்து பாருங்கள் என்றாள்.

மனைவியின் பெயரைத் தட்டி முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரமானது. பதில் உடனே வந்தது. மிகச் சின்ன எண்.

"இவ்வளவுதானா டீச்சர்? எத்தனை வருஷம் வாசிச்சா."

சபுரா மைக்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அவங்க அங்கேயே இருக்கட்டும் சார். புதுப் பாடத்துக்கும் இடம் இருக்கு, நீங்க வாசிங்க."