ரைட் சொன்ன பிறகு

"டீச்சரம்மா, இந்த மைதானத்தையே எத்தனை நாளைக்குத்தான் சுத்துறது? நாலு வழிச் சாலையில எப்ப ஏத்துவிய?"

கேட்டவர் சொரிமுத்து. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வயசில் எல்-போர்டு காரில் உட்கார்ந்து கியரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து சீட்டில் பிலோமினா. பாளையங்கோட்டையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். அவர் மகளைவிடச் சின்னவள். பேச்சில் மகா சிக்கனம்.

"வாயத் தொறக்காம வண்டி எடுங்க அண்ணாச்சி. அன்னைக்கு ஏத்துதேன்."

இதென்ன கூத்து!

"ஏம்மா, ஆக்ஸிலேட்டர் என் வாயிலயா இருக்கு?"

அவள் மறுபடி மைதானத்தைச் சுற்றச் சொல்லிக் கை காட்டினாள்.

சொரிமுத்துவுக்கு அவசரம். திருநெல்வேலி – நாகர்கோவில் ரூட்டில் அவரோடு காலமெல்லாம் பஸ் ஓட்டிய டிரைவர் ஆவுடையப்பனுக்குச் சர்க்கரையில் கண் இரண்டும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து புனேவுக்குக் கூட்டிப் போகிறான். போனால் போனதுதான்.

"நம்ம ரோட்டுல ஒரு தடவ போகணும்லே. ஆரல்வாய்மொழிக் காத்த மூஞ்சில வாங்கணும்" என்று ஆவுடையப்பன் சொல்லியிருந்தார்.

"நானே ஓட்டிக் கூட்டிட்டுப் போறேன்ணே" என்று இவர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆயுசெல்லாம் தன்னைச் சுமந்தவரைத் தான் ஒரு நாள் சுமக்கக்கூடாதா? ஆசைதான். ஆசைக்கு கிளட்ச் தெரியவா செய்யும்?

வெள்ளிக்கிழமை காலையில் கதையை எல்லாம் சொல்லி, கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

பிலோமினா அவர் முகத்தையே பார்த்தாள்.

"சரி. விடுங்க ஹைவேக்கு."

சர்வீஸ் ரோடு நாலு வழிச் சாலையோடு சேருகிற இடம். சொரிமுத்து ஓரத்தில் நிறுத்தினார். லாரி ஒன்று போனது. பஸ் ஒன்று போனது.

"போலாம் ரைட்!"

சொன்னது பிலோமினா இல்லை. சொரிமுத்துவேதான். சொன்ன மூச்சிலேயே கால் கிளட்சை விட்டுவிட்டது.

அவள் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தாள். முன்னால் ஒரு டேங்கர் லாரி காதைக் கிழிக்கிற ஹாரனோடு கடந்து போனது. கார் குலுங்கிவிட்டது.

சொரிமுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"ரைட் சொன்னேனே..."

"சொன்னிய. பாத்தது யாரு?"

பஸ்ஸில் அவர் ரைட் சொன்னால், ரோட்டைப் பார்க்க டிரைவர் சீட்டில் ஒருத்தர் இருந்தார். அத்தனை காலமும் இருந்தார்.

"எறங்குங்க அண்ணாச்சி. பின் சீட்டுல உக்காருங்க."

உட்கார்ந்தார். பிலோமினா ஸ்டீயரிங்கைப் பிடித்தாள்.

"இப்ப ரைட் சொல்லுங்க."

"போலாம் ரைட்."

கார் நகரவில்லை.

"ரைட் ரைட்!"

கார் நகரவில்லை. அவள் கழுத்து மட்டும் வலது பக்கம் திரும்பியது, கண்ணாடிக்கு வந்தது, மறுபடி திரும்பியது.

சொரிமுத்துவுக்குப் பழைய சுபாவம் பொத்துக்கொண்டு வந்தது. "ரைட் குடுத்து எவ்வளவு நேரமாச்சு! உள்ள தூங்கிட்டியளா? வண்டி உருளட்டும்மா!"

அவள் வாயைத் திறக்கவில்லை.

இடது பக்கத்திலிருந்து, ஒரு வழிப் பாதையில் எதிர்த் திசையில், வாழைத்தார் கட்டிய மொபெட் ஒன்று ஓரத்தை உரசிக்கொண்டு வந்தது. காரின் மூக்கைத் தொடாத குறையாகக் கடந்து போனது. பின் சீட்டிலிருந்தவருக்கு அது கடக்கிற வரை வந்ததே தெரியாது.

அப்புறம்தான் கார் கிளம்பியது. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி சாலையில் போய்ச் சேர்ந்துகொண்டது.

சொரிமுத்து சீட்டில் சாய்ந்துகொண்டார். இதே வார்த்தைகளைச் சொல்லித்தானே ஆவுடையப்பனை நாளெல்லாம் ஏசினார்! பஸ்ஸே சிரிக்கும். அந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சரியான கல்லுளிமங்கன் என்று இவர் பெயர் வைத்திருந்தார்.

சாயங்காலம் நேரே ஆவுடையப்பன் வீட்டுக்குப் போனார்.

"ஏண்ணே, நான் அந்தக் கத்து கத்துவேனே. ஒரு நாளாவது நீங்க திருப்பி ஏசியிருக்கலாம்லா?"

ஆவுடையப்பன் சிரித்தார்.

"ஏசணும்னா ரோட்ட விட்டுட்டு உம் பக்கம் திரும்பணும்லே."

சொரிமுத்து வெட்கமில்லாமல் அழுதார். கண் தெரியாதவர் முன்னால் அழுவதில் ஒரு வசதி. ஆனாலும் மூக்கை உறிஞ்சியது காட்டிக்கொடுத்துவிட்டது. "என்னலே, சளி பிடிச்சிருக்கா?" என்றார் ஆவுடையப்பன்.

சனிக்கிழமை விடிந்ததும் டிரைவிங் ஸ்கூல் வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, இன்னைக்கு நான் ஓட்டல. அண்ணன ஏத்திக்கிட்டு ஓட்டுறதுக்கு நான் இன்னும் பத்தாது. நீங்க ஓட்டுவியளா?"

"நேத்துக் காலைல அந்தக் குதி குதிச்சியளே?"

"நேத்துக் காலைல எனக்கு எல்லாம் தெரியும்னு நெனச்சேன்."

பிலோமினா சாவியை எடுத்தாள்.

"திங்கக்கிழமை வாங்க அண்ணாச்சி. ஹைவேல ஏத்துதேன்."

அவள் ஓட்டினாள். ஆவுடையப்பனும் சொரிமுத்துவும் அண்ணன் தம்பியாகப் பின் சீட்டில். நாங்குநேரி போயிற்று, வள்ளியூர் போயிற்று. இந்த நாலு வழிச் சாலை வருவதற்கு முன்னால் பஸ் ஊருக்குள் நுழைந்து போன காலத்தில் எந்தக் கடையில் டீ குடித்தோம், எந்த நிறுத்தத்தில் பூக்கூடைக்காரிகள் சண்டை பிடித்தார்கள் என்று ஒருத்தர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்துக்கொண்டார்.

ஆரல்வாய்மொழி வந்தது. சொரிமுத்து கண்ணாடிகளை இறக்கிவிட்டார். காற்று உள்ளே பாய்ந்து வேட்டியைத் தூக்கியது. ஆவுடையப்பன் சின்னப் பிள்ளையாக வாயைத் திறந்துகொண்டு சிரித்தார்.

சிரித்து ஓய்ந்த பிறகு அவர் கை சீட்டைத் தடவிக்கொண்டே வந்தது. சொரிமுத்துவின் தோளைத் தொட்டது, காதைத் தொட்டது, நரைத்த மீசையில் நின்றது.

"ஏலே, அவ்வளவு காலமும் முதுகுக்குப் பின்னால உன் சத்தந்தான் கேட்டிருக்கேன். உன்னப் பக்கத்துல வச்சு இன்னைக்குத்தாம்லே பாக்கேன்."