கயிற்றில் ஓர் இடம்

நெடுங்காலத்துக்கு முன்னே, கடல்நீர் உப்பாவதற்கும் முன்னே என்று வைத்துக்கொள்ளுங்களேன், நீங்கள் என்ன போய்ப் பார்க்கவா போகிறீர்கள், கடலோரத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. ராஜாவின் மகள் பெயர் தாழைமதி.

ஒரு மாயக்காரன் அவளைப் பெண் கேட்டு வந்தான். ராஜா மறுத்தார். போகிற போக்கில் அவன் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடிக் கூடு ஒன்றை அவள்மேல் கவிழ்த்துவிட்டுப் போனான். அவள் பேசினால் யாருக்கும் கேட்கவில்லை. யார் தொட்டாலும் அவளுக்குத் தெரியவில்லை. போகப்போக அவளும் கண்ணாடியாகிக்கொண்டிருந்தாள். பௌர்ணமிக்குள் கூடு உடையாவிட்டால் அவளே இருக்கமாட்டாள்.

வைத்தியர் வந்தார், "என்ன வியாதி?" என்றார். மந்திரவாதி வந்தார், "என்ன வியாதி?" என்றார். ஜோசியர் வந்தார், அவரும் அதையேதான் கேட்டார். கசாயம் கூடியதுதான் மிச்சம்.

சாயங்காலமானால் அவள் ஜன்னலில் நிற்பாள். கீழே கரைவலை இழுப்பார்கள். வரிசையாக நின்று, "ஏலே ஏலோ" என்று பாடிக்கொண்டே கயிற்றை இழுப்பார்கள். அந்தப் பாட்டும் கரையின் பேச்சும் மட்டும் கூட்டுக்குள் மெல்லக் கேட்கும். கேட்கக் கேட்க அவள் நெஞ்சு ஏங்கும்.

ஒருநாள் ஜன்னலில் ஒரு நண்டு ஏறிவந்தது. "உனக்கு என்ன ஆசை?" என்று கேட்டது.

தாழைமதி அழுதேவிட்டாள். "அந்தக் கயிற்றைப் பிடிக்கணும். நான் பேசறது உனக்குக் கேட்குதா?"

"நானும் ஓட்டுக்குள்ள இருக்கிறவன்தானே."

நண்டு ராஜாவிடம் போய், "மருந்து வலைக்கயிற்றில் இருக்கிறது மகாராஜா" என்றது.

ராஜா என்ன செய்தார் தெரியுமா? கயிற்றில் ஒரு துண்டு வெட்டிவரச் சொல்லி, இடித்து லேகியம் கிண்டி மகளுக்கு ஊட்டினார். கண்ணாடி அசையவில்லை. பிறகு வலைக்காரர்களை அரண்மனை முற்றத்துக்கு வரவழைத்து வெறுங்கயிற்றை இழுக்கச் சொன்னார். இழுத்தவர்களுக்கு வெட்கம், பார்த்தவளுக்கு அழுகை. கண்ணாடி அசையவில்லை.

மறுநாள் பௌர்ணமி. "அவங்க இங்க வரக்கூடாது மகாராஜா. இவங்க அங்க போகணும்" என்றது நண்டு.

"தனியாகவா?"

"நான் கூடப் போறேன்."

வழியெல்லாம் அவள் திரும்பித் திரும்பி அரண்மனையைப் பார்த்தாள். "எனக்கு நேரா நடக்க வராது. சுத்திச் சுத்தியே போவோம். பயமா இருந்தா நிப்போம்" என்றது நண்டு. நின்றார்கள், நடந்தார்கள், மறுபடி நின்றார்கள்.

கரையில் மாசிலா என்ற வலைக்காரி அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. "ஏ பிள்ள, சும்மாவா நிக்க? கயித்தப் புடி. வலை கனக்கு."

தாழைமதி பிடித்தாள். இழுத்தாள். உள்ளங்கை எரிந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு ஒன்று உறைக்கிறது! அந்த எரிச்சல்கூட அவளுக்கு இனித்தது. "ஏலே ஏலோ" என்று தானும் பாடினாள்.

வலை கரையேறியது. கயிற்றைத் தொட்ட கைக்கெல்லாம் மீனில் பங்கு உண்டு. யார், எவர் என்று கேட்பது அங்கே வழக்கமில்லை. மாசிலா ஒரு கை சாளை மீனை அள்ளி அவள் மடியில் போட்டாள்.

"நாளைக்கும் வருவல்லா? ஒன் எடத்துல வேற ஆளு நிக்கமாட்டாவ."

கண்ணாடிக் கூடு பொடிப்பொடியாக உதிர்ந்து மணலோடு கலந்தது.

"வர்றேன்" என்றாள் தாழைமதி. கரை முழுக்கக் கேட்டது.

மறுநாள் ராஜாவும் இறங்கிவந்தார். அவருக்குக் கிடைத்தது கயிற்றின் கடைசி முனைதான். நண்டு வேறொரு ஜன்னலைத் தேடிப் போய்விட்டது.

இப்போதும் சாயங்காலமானால் தாழைமதிக்கு நெஞ்சு ஏங்கும். ஏங்கினால் கரைக்கு இறங்கிப் போவாள். அவள் வரும்வரை அந்த இடத்தைக் காலியாகவே வைத்திருப்பார்கள்.