ஊர் திரும்பாத வாத்துகள்

ஒரு பெரிய ஏரியின் நடுவில் கருவேல மரங்கள் அடர்ந்த மேடு ஒன்று இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் கார்த்திகை பிறந்ததும், பனிமலைகளுக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் கூட்டமாகப் பறந்து வந்து அந்த மேட்டில் இறங்கும். பங்குனி வரை இருந்து மேயும். வெயில் ஏறத் தொடங்கியதும் வடக்கே திரும்பிவிடும்.

அந்தக் கூட்டத்தில் இமயன் என்ற ஆண் வாத்தும், அதன் துணை சாம்பியும் இருந்தன. பதினாறு முறை மலையைக் கடந்து வந்த ஜோடி அது. குஞ்சுகள் எல்லாம் வளர்ந்து, ஜோடி சேர்ந்து, அவற்றுக்கும் குஞ்சுகள் வந்துவிட்டன.

இந்த முறை மலையைத் தாண்டும்போது இமயனுக்கு மூச்சு முட்டியது. சிறகு ஓய்ந்து, கூட்டத்துக்கு வெகு கீழே தாழ்ந்துவிட்டது. சாம்பியும் தாழ்ந்து பறந்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்ததால்தான் எப்படியோ உயிரோடு ஏரிக்கு வந்து சேர்ந்தது.

தை மாதத்தில் ஒரு நாள் காலையில் இரண்டும் கரையோரமாக நீந்திக்கொண்டிருந்தன.

"சாம்பி, நாம் ஏன் திரும்பிப் போக வேண்டும்?" என்றது இமயன்.

"என்னங்க இது, புதுசா கேட்கிறீங்க?"

"யோசித்துப் பார். அங்கே ஒரு வாய் புல்லுக்குப் பனியைக் கொத்திக் கிளற வேண்டும். இங்கே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. கரை முழுக்கப் புல். வரப்பைத் தாண்டினால் சிந்திய நெல். இங்கே வந்த இரண்டாம் நாளே என் மூட்டு வலி போய்விட்டது! மிச்சக் காலத்தை இங்கேயே நிம்மதியாகக் கழித்தால் என்ன?"

சாம்பிக்கும் அந்த எண்ணம் இருந்தது. மலையில் பட்ட பாட்டை அது மறக்கவில்லை.

"எனக்கும் ஆசைதான்" என்றது. "ஆனால் இங்கேயே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?"

அப்போது தண்ணீர் குடிக்க வந்த கூர்மூக்கன் என்ற நரியின் காதில் இந்தப் பேச்சு விழுந்தது. அது கரையில் பணிவாக உட்கார்ந்துகொண்டது.

"பெரியவரே, அம்மா! ஒட்டுக் கேட்டதற்கு மன்னிக்க வேண்டும். இவ்வளவு நல்ல யோசனை இத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றவில்லையே!"

"உனக்கு இந்த ஊர் நன்றாகத் தெரியுமா?" என்று கேட்டது இமயன்.

"பிறந்ததே இந்தக் கரையில்தான்! உங்கள் கூட்டம் போய்விட்டால் மேடு முழுவதும் உங்களுக்குத்தான். தென்பக்க மரத்தடியில் நாள் முழுக்க நிழல் இருக்கும். ஏரி இருக்கிறது, காற்று இருக்கிறது. வேறென்ன வேண்டும்?"

நரி போன பிறகு சாம்பி மெதுவாகக் கேட்டது. "நரி சொல்வதை நம்பலாமா?"

"நமக்கும் அதற்கும் நடுவே இவ்வளவு தண்ணீர் கிடக்கிறது. கரையில் நின்று பேசிவிட்டுப் போகிறது. நமக்கென்ன நஷ்டம்?" என்றது இமயன்.

கூர்மூக்கனோ வேறு கணக்குப் போட்டிருந்தது. ஆனி மாதத்தில் இந்த வாத்துகளுக்குச் சிறகு உதிரும், முளைக்க ஒரு மாதம் ஆகும், அதுவரை பறக்க முடியாது என்பது அதற்குத் தெரியும். முன்பொரு முறை அடிபட்ட வாத்து ஒன்று ஊர் திரும்ப முடியாமல் இங்கே தங்கியது. அதன் கதி என்ன ஆனது என்பது கூர்மூக்கன் ஒன்றுக்குத்தான் தெரியும்.

நாணல் ஓரத்தில் சுட்டி என்ற நாமக்கோழி நீந்திக்கொண்டிருந்தது. கறுத்த உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். அதுவும் பேச்சைக் கேட்டிருந்தது.

"தங்கப் போகிறீர்களா? கோடையில் என்ன செய்வீர்கள்?" என்று கத்திக் கேட்டது.

"என்ன செய்வது? நீந்துவோம்!" என்று சிரித்தது இமயன்.

"அதற்கில்லை, நான் சொல்வதைக் கொஞ்சம்..."

ஆனால் இமயன் திரும்பி நீந்திப் போய்விட்டது. "இந்த நாமக்கோழிகளுக்குப் பொழுது விடிந்தால் புலம்பல்தான்" என்றது சாம்பியிடம்.

பங்குனி வந்தது. கூட்டம் புறப்பட்டது. மகள் வாத்து இரண்டு முறை வட்டமடித்துவிட்டு இறங்கி வந்தது.

"அம்மா, நிஜமாகவே வரவில்லையா?"

"உன் அப்பாவால் இன்னொரு முறை மலையைத் தாண்ட முடியாது" என்றது சாம்பி. "நீ போய் வா. கார்த்திகையில் பார்க்கலாம்."

மகள் போனது. வானத்தில் கூட்டம் புள்ளியாகி மறையும் வரை சாம்பி கழுத்தை மடக்கவில்லை.

முதல் மாதம் இன்பமாகவே போனது. கூச்சல் இல்லை, நெரிசல் இல்லை. காலையில் மேய்ச்சல், பகலில் மரத்தடியில் தூக்கம். "பார்த்தாயா?" என்று இமயன் தினமும் நான்கு தடவையாவது சொல்லும்.

சித்திரையில் வெயில் கொளுத்தியது. கரையோரப் புல் மஞ்சளாயிற்று. தண்ணீர் ஒரு பனை நீளத்துக்கு உள்வாங்கியது. நாமக்கோழிகள் ஒவ்வொன்றாக எங்கோ போய்விட்டன.

சாம்பிக்குப் பயம் வந்தது. "சிறகு உதிருமுன் வேறு எங்காவது போய்விடலாம்" என்றது.

கூர்மூக்கன் கரையிலிருந்து குரல் கொடுத்தது. "கவலையே வேண்டாம்! வைகாசியில் மழை கொட்டும். ஏரி ததும்பும்!"

வைகாசியில் இரண்டு நாள் தூறியது. அவ்வளவுதான்.

ஆனி பிறந்தது. சிறகுகள் உதிர்ந்தன. அவற்றின் வடநாட்டு ஏரியில் அப்போது நாலா பக்கமும் ஆழமான தண்ணீர் இருக்கும், நடுவில் பயமின்றி மிதக்கலாம். இங்கே மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குட்டை மட்டுமே மிஞ்சியிருந்தது. அதைச் சுற்றிச் சேறு, அதற்கப்பால் கரை வரை காய்ந்து வெடித்த தரை.

ஒரு நாள் விடியற்காலையில் கூர்மூக்கன் வெடித்த தரையைத் தாண்டிச் சேற்றில் இறங்கியது. பத்தடி வந்ததும் வயிறு வரை புதைந்தது. சட்டென்று பின்வாங்கி வெளியேறி, காலை உதறிக்கொண்டது.

"இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கிறது, பெரியவரே! நாளைக் காலையில் வருகிறேன்!"

"எதற்கு?" என்று கேட்டது சாம்பி.

நரி சிரித்துக்கொண்டே போய்விட்டது.

இமயன் அப்படியே உட்கார்ந்துவிட்டது. "சாம்பி, உன்னையும் சேர்த்து இழுத்துவந்து மாட்டிவிட்டேனே!"

"நானும் ஆசைப்பட்டுத்தானே தங்கினேன்! அதோ பாருங்கள், குட்டையில் யாரென்று!"

எங்கோ போயிருந்த சுட்டி பறந்து வந்து நத்தை பொறுக்கிக்கொண்டிருந்தது. சாம்பி கூப்பிட்டதும் வந்தது. இமயன் தலை குனிந்து நின்றது.

"அன்றைக்கு நீ ஏதோ சொல்ல வந்தாய். நான் காது கொடுக்கவில்லை" என்றது.

"அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். நடப்பீர்களா?" என்றது சுட்டி.

"எங்கே?"

"மேற்குக் கரைக்கு அந்தப் பக்கம் பழைய கல்குவாரி இருக்கிறது. அதில் வற்றாத தண்ணீர் உண்டு. நாங்கள் எல்லோரும் கோடையை அங்கேதான் கழிப்போம். கரையில் ஒரு சரிவு வழியாக இறங்கினால் நேரே தண்ணீர்தான்."

"வழியில் நரி பிடித்துவிடாதா?"

"காலையிலும் அந்தியிலும்தான் அது நடமாடும். உச்சி வெயிலில் கிழக்குக் கரை வளைக்குள் சுருண்டு கிடக்கும். நாம் உச்சி வெயிலில் போவோம்!"

இமயன் வானத்தைப் பார்த்தது. நிழலில் படுத்தாலே அதற்கு மூச்சு வாங்கும் வெயில் அது. இருந்தாலும் "போகலாம்" என்றது.

சூரியன் தலைக்கு மேலே வந்ததும் மூன்றும் இறங்கின. நரியைப் புதைத்த சேறு வாத்துகளின் அகன்ற ஜவ்வுப் பாதங்களைத் தாங்கியது. சேற்றைத் தாண்டினால் வெடித்த தரை. அதன் சூட்டில் பாதம் பொரிந்தது. சுட்டி முன்னால் ஓடி ஓடி வழி பார்த்தது. மேற்குக் கரை மதகை நெருங்கும்போது இமயன் சாய்ந்து விழுந்தது.

"என்னை விட்டுவிடு. நீ போ" என்றது.

"எழுந்திருங்கள்! உங்களை விட்டுப் போவதென்றால் பங்குனியிலேயே போயிருப்பேன்!" என்று அதட்டியது சாம்பி. வெயில் படாதபடி அதன்மேல் சாய்ந்து நின்றுகொண்டது.

மதகின் அடியில் கொஞ்சம் ஈரமும் நிழலும் இருந்தன. சுட்டி அங்கே கொண்டுபோய் இரண்டையும் உட்கார வைத்தது. மூச்சு அடங்கியதும் மறுபடி நடந்தன. கரையேறி, சரிவில் இறங்கி, கடைசியில் இரண்டும் குளிர்ந்த தண்ணீரில் தொப்பென்று விழுந்தன. குவாரி முழுக்க நாமக்கோழிகள். புதிதாக வந்தவர்களுக்கு அவை விலகி இடம் விட்டன.

அந்தியில் கூர்மூக்கன் மோப்பம் பிடித்து வந்து, பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தது.

"பெரியவரே! சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டீர்களே! இத்தனை நாள் அன்பாகப் பேசியதற்கு இதுதானா மரியாதை?"

"நீ எங்களைத் தங்கச் சொன்னாய். எதற்காகச் சொல்கிறாய் என்று நாங்கள் கேட்கவில்லை. தப்பு எங்கள் பேரிலும் உண்டு. போய் வா!" என்றது சாம்பி.

ஆழத்தைப் பார்த்தது நரி. வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டது.

ஆடியில் சிறகுகள் முளைத்தன. ஐப்பசியில் மழை கொட்டி ஏரி நிரம்பியது. கார்த்திகையில் கூட்டம் வந்து இறங்கியது. மகள் வாத்து தாய் தந்தையைத் தேடி ஓடி வந்தது.

"இளைத்துவிட்டீர்களே! இந்த வருஷமாவது எங்களோடு வந்துவிடுங்கள்!"

"இல்லை மகளே. எங்களுக்கு இனி இதுதான் ஊர். எந்த மாதம் எங்கே இருக்க வேண்டும் என்று இப்போது தெரியும்" என்றது இமயன்.

கூட்டத்தில் தூவியன் என்ற கிழ வாத்து ஒன்று இருந்தது. அது வெயிலில் வயிற்றைக் காட்டிப் படுத்தபடி கேட்டது. "இமயா, எனக்கும் மலை தாண்டி அலுத்துவிட்டது. இங்கே தங்கினால் சுகமாக இருக்குமா?"

"சுகம்தான். ஆனால் என்னிடம் கேட்காதே. நான் ஒரே ஒரு கோடையைத்தான் பார்த்திருக்கிறேன். அதோ சுட்டி இருக்கிறது, அதனிடம் கேள். அது பேசி முடிக்கும் வரை எழுந்து போகாதே!" என்றது இமயன்.

தூவியன் எழுந்து நாணல் பக்கம் நீந்திப் போனது.

நல்ல காலத்தில் பார்த்த ஊரில் குடியேற நினைப்பவர்கள், தம்மைப் புகழ்ந்து அழைப்பவர்களை விட்டு, அந்த ஊரின் கெட்ட காலத்தையும் அங்கேயே கழித்தவர்களிடம் கேட்டறிந்து முடிவு செய்ய வேண்டும்.