விளம்பரத்தை அமுக்கினவன்

கோயம்புத்தூரில் கிரைண்டர் கடை வைத்திருந்த நாச்சிமுத்துவுக்குத் தன் கடைமேல் தாங்க முடியாத பெருமை. செல்போனில் யார் கிரைண்டர் என்று தேடினாலும் தன் கடைதான் முதலில் வர வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார். யாராவது பார்த்தால் காசில்லை, அமுக்கினால்தான் இவர் கட்டிய பணத்தில் காசு குறையும். ஆனால் அன்றன்றைக்குக் கட்டிய பணம் மதியத்துக்குள் கரைந்து, விளம்பரமும் மறைந்துவிடும். கிரைண்டர் வாங்கவோ ஈ, காக்கை வருவதில்லை.

"எல்லாம் எதிர்க்கடைக்காரன் வேலை!" என்று விளம்பரத்தைக் கவனிக்கும் பூங்கோதையிடம் குதித்தார். "அமுக்கறவனைச் சாயங்காலத்துக்குள்ள என் முன்னால கொண்டாந்து நிறுத்தோணும். இல்லீன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"நிறுத்தியே ஆகோணுங்களா முதலாளி? உட்கார்ந்திருந்தாப் பரவாயில்லீங்களா?"

"எப்படியோ புடிச்சுக் கொண்டா!"

அமுக்கினால் கடை போன் அடிக்கிற மாதிரி விளம்பரத்தை மாற்றிவைத்துவிட்டுப் பூங்கோதை தன் வேலையைப் பார்த்தாள்.

சற்று நேரத்தில் முதலாளியின் சம்பந்தி வந்தார். யார் வந்தாலும் செய்வதுபோல முதலாளி நாற்காலியில் சாய்ந்தபடி செல்போனில் தேடிக் காட்டினார். "பாருங்க, ஊருக்கே முதல் கடை நம்மளுது!" என்று அமுக்கியும் காட்டினார்.

மேஜைமேல் கடை போன் அலறியது.

"சிக்கிட்டான்!" என்று எட்டி எடுத்து, "ஆருடா நீ?" என்று கத்தினார்.

"ஆருடா நீ?" என்று கத்தியது அவர் கையிலிருந்த செல்போன்.

சம்பந்தி சிரித்த சிரிப்பில் குடித்துக்கொண்டிருந்த டீ அவர் சட்டையெல்லாம் சிந்தியது.

பூங்கோதை பணிவாகக் கேட்டாள்: "இப்ப எந்திரிச்சு நிக்கச் சொல்லட்டுங்களா முதலாளி?"

முதலாளிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உட்காரட்டும் புள்ள. அவனுக்கும் ஒரு டீ சொல்லு."